தாளுண்ட நீர்

“தெங்கு என்றால் என்ன?” என்று நான் கேட்டபோது, சன்னலோரம் உட்கார்ந்திருந்த மாணவன் ஒருவன் கையை உயர்த்தக்கூடக் காத்திராமல், “டெங்கி, டீச்சர். கொசு கடிச்சா வரும்” என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். சென்ற மாதந்தான் அவனுடைய தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, சுகாதாரத் துறையினர் வந்து புகையடித்துவிட்டுப் போனார்களாம். அந்தக் கதையை அவன் விரிவாகச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. அறுபது நிமிடப் பாடத்தில் பீடிகைக்கு நான் ஒதுக்கியிருந்ததே ஐந்து நிமிடந்தான் என்பதால், மீதியிருந்த மூன்று நிமிடத்தில் தெங்கு என்றால் தென்னை என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, நீர்ம உருக்காட்டியில் (புரொஜெக்டரில்) தென்னை மரத்தின் படத்தை ஒளிபரப்பி, அடுத்த படிக்கு நகர்ந்தேன்.

ஆசிரியர் கல்விக் கழகத்தில் தமிழ்மொழி படிக்கும் எனக்கு இது இறுதிக்கட்டக் கற்பித்தல் பயிற்சி. நாங்கள் பேச்சில் ‘பிராக்டிகம்’ என்றே சொல்வோம். 12 வாரம். எனக்குக் கிடைத்த பள்ளி, பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயராலேயே அழைக்கும் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறது. மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்தில், சிலாங்கூர் ஆற்றை ஒட்டி, ஒருபுறம் எண்ணெய் தரும் செம்பனையும் மறுபுறம் ஈயம் தோண்டிக் கைவிட்ட குளங்களுமாக அமைந்த ஊர் இது. காலையில் பள்ளிக்கு வரும் வழியில், குலை ஏற்றிய லோரிகளின் பின்னால் மோட்டாரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவதற்குப் பழகிக்கொண்டேன்.

பள்ளியில் 150 மாணவர்களுக்கும் குறைவாகவே இருக்கிறார்கள். இத்தகைய பள்ளிகளைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று தனியே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்துத் தரவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்த காலத்தில் தோட்டந்தோறும் கொட்டகைப் பள்ளிகள் முளைத்தன. இன்று தோட்டத்து லயங்கள் காலியாகிவிட்டன. பள்ளிகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. என்னிடம் ஒப்படைக்கப்பட்ட இரண்டாம் படிநிலை வகுப்பில் இருந்த 14 பேரில் இருவர் மட்டுமே இன்னும் தோட்ட வீட்டிலிருந்து வருகிறார்கள். மற்றவர்களின் பெற்றோர் தொழிற்சாலையிலும் கடையிலும் வேலை செய்கிறார்கள். தாத்தா பாட்டி காலத்தில்தான் இவர்கள் எல்லாருடைய குடும்பமும் தோட்டத்தில் இருந்தது.

தொடக்கப்பள்ளியில் இலக்கியம் என்று தனிப்பாடம் கிடையாது. தமிழ்மொழிப் பாடத்துக்குள் ‘செய்யுளும் மொழியணியும்’ என்ற கூறாக அது வருகிறது. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் குறளும் மூதுரையும் பழமொழிகளும் உவமைத்தொடர்களும் ஆண்டுவாரியாகப் பங்கிடப்பட்டு, ஒரு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பிள்ளைகளைச் சென்றடைகின்றன. அன்றைக்கு நான் எடுத்த பாடம், கடவுள் வாழ்த்தை அடுத்து மூதுரையின் முதல் செய்யுளாக வருவது:

நன்றி ஒருவற்குச் செய்தக்கால் அந்நன்றி
என்று தருங்கொல் எனவேண்டா – நின்று
தளரா வளர்தெங்கு தாளுண்ட நீரைத்
தலையாலே தான்தருத லால்.

‘பாட இறுதிக்குள் மாணவர்கள் இச்செய்யுளையும் அதன் பொருளையும் கூறுவர், எழுதுவர்’ என்று நாள் பாடத்திட்டத்தில் கற்றல் பேற்றை எழுதியிருந்தேன். பண்பு என்ற கட்டத்தில் ‘நன்றியுணர்வு’ என்று நிரப்பியிருந்தேன். ஒளிக்காட்சி, வரிவரியாக வாசிப்பு, பொருள் விளக்கம், துண்டுச் சீட்டுகளை வரிசைப்படுத்தும் குழுநடவடிக்கை, பின்னர் செய்யுளின் கருத்துக்கேற்ற படத்தை மாஜோங் தாள் என்ற பெரிய வெள்ளைத் தாளில் வரைந்து வகுப்பின்முன் படைத்தல், இறுதியில் பொருளை எழுதும் மதிப்பீடு என்று எல்லாம் கழகத்தில் சொல்லித் தந்தபடியே இருந்தன. முதல் நாள் இரவு பயிற்றுத்துணைப்பொருளைக் கத்தரித்து முடிக்கவே பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.

படம் வரையும் நடவடிக்கையில் இரண்டு குழுக்கள் நான் காட்டிய ஒளிக்காட்சியை அப்படியே திருப்பி வரைந்திருந்தன. மூன்றாவது குழு தன் தாளைச் சுவரில் ஒட்டியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம், அதன்மேல் நீல நிறத்தில் துளித்துளியாக நீர், ஓரத்தில் சாய்ந்த தென்னை ஒன்று. இது என்னவென்று கேட்டேன். குழுத்தலைவியாக இருந்த பெண் சற்றும் தயங்காமல், “தாள் தண்ணியக் குடிச்சிருச்சு, டீச்சர். தாளுண்ட நீர்” என்று சொல்லி, கையிலிருந்த மாஜோங் தாளின் மிச்சத்தைத் தூக்கிக் காட்டினாள்.

அவளிடம் குறை காண இடமில்லை. ‘உண்ட’ என்பது இங்கே குடித்த என்று பொருள்படுவதை யாரும் சொல்லித் தராமலேயே கண்டுபிடித்திருந்தாள். தாள் என்றால் அவளுக்குத் தெரிந்தது காகிதந்தான். பயிற்சித்தாள், வண்ணத்தாள், தேர்வுத்தாள் என்று நாள் முழுவதும் நாங்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். போதாக்குறைக்கு அன்று காலை அந்தச் சொல்லைப் பத்துத் தடவை உரக்கச் சொல்லி, ஆளுக்கொரு தாளாகக் கையில் கொடுத்தவளும் நான்தான். தாள் என்பதற்கு அடி, பாதம் என்ற பொருள் உண்டென்பதை விளக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு எழவில்லை. ‘வேர் வழியாக உறிஞ்சிய நீரைத் தென்னை இளநீராகத் தருவதுபோல’ என்ற விளக்கவுரையை ஒட்டுமொத்தமாக ஒப்புவித்தபோது, அதற்குள் தாள் என்ற சொல்லையும் சேர்த்து விழுங்கிவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், பாட இறுதியில் 14 பேரும் பொருளைப் பிழையில்லாமல் எழுதிவிட்டார்கள், தாளை நனைத்த அந்தக் குழுவும் சேர்ந்துதான். அன்று மாலை, பாடம் எப்படி நடந்தது என்று எழுதும் சிந்தனை மீட்சியில் ‘14 மாணவர்களும் கற்றல் பேற்றினை அடைந்தனர்’ என்று எழுதினேன். அது பொய்யல்ல.

என் வழிகாட்டி ஆசிரியர் ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே உள்ளவர். அதிகம் பேசமாட்டார். பாடம் முழுவதும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர், சிற்றுண்டிச்சாலையில் கோப்பியை ஆற்றிக்கொண்டே, “அந்தப் படத்தத் தூக்கிப் போட்றாதீங்க, டீச்சர். பதினாலு பேர்ல அந்த அஞ்சு பேருதான் செய்யுளப் படிச்சிருக்காங்க. மத்தவங்க நீங்க சொன்ன பொருள மனப்பாடம் பண்ணிட்டாங்க” என்றார். நான் பதில் சொல்லத் தெரியாமல் இருந்தபோது, “ரெண்டாவது குறள்லயே ‘நற்றாள்’னு வருதே, அதை எடுத்துக் காட்டியிருக்கலாமே” என்று சேர்த்துக்கொண்டார். பிறகு கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். குறளின் முதல் அதிகாரத்தைப் பள்ளியில் படித்த நாள்முதல் ஒப்புவித்து வந்த நான், ‘வாலறிவன் நற்றாள் தொழாஅர்’ என்பதில் உள்ள தாளையும் ‘தாளுண்ட நீர்’ என்பதில் உள்ள தாளையும் ஒரே சொல்லாக ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த தமிழ்ப் பாடம் புதன்கிழமை. அன்றைய திட்டத்தில் வேறு தலைப்பு இருந்தது. அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அதே செய்யுளைத் திடப்படுத்தும் பாடமாக மாற்றிக்கொண்டேன். ஒளிக்காட்சியும் துண்டுச் சீட்டும் எடுத்துச் செல்லவில்லை. பள்ளியின் பின்புறம் காவலாளி அறையை ஒட்டி நெடிய தென்னை ஒன்று நிற்கிறது. தோட்டக்கார அண்ணன் காலையிலேயே இரண்டு இளநீர் இறக்கி வைத்திருந்தார். பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று நிழலில் உட்காரவைத்து, பொருள் சொல்லாமல் செய்யுளை நான்கு முறை வாய்விட்டுப் படிக்கச் செய்தேன். பிறகு, “தாள் எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டுங்கள்” என்றேன். சிறிது நேரம் யாரும் அசையவில்லை. ‘நற்றாள்’ இருக்கும் குறளை நினைவூட்டியதும், காகிதம் வரைந்த அதே பெண் எழுந்து போய் மரத்தின் அடியை மிதித்துக் காட்டினாள். மிதித்ததும் ஒருகணம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கையால் தொட்டாள்.

அதன் பிறகு நான் கேட்க வேண்டிய கேள்விகளை அவர்களே கேட்கத் தொடங்கினார்கள். தலை எது? குலை இருக்கும் இடந்தான் தலையா, அல்லது அதற்கும் மேலே இருக்கும் குருத்தா? ‘நின்று’ என்று ஏன் தனியே நிற்கிறது? ‘மரம் ஓட முடியாதுல்ல, அதனாலதான்’ என்றான் டெங்கிக்காரன். அந்த விடையை நான் எந்த உரையிலும் பார்த்ததில்லை, ஆனால் மறுக்கவும் முடியவில்லை. செய்த உதவிக்குக் கைம்மாறு வரும்வரை இடம்பெயராமல் நிற்கிற ஒன்றைப் பற்றித்தானே ஔவையார் பேசுகிறார்? ‘என்று தருங்கொல்’ என்பதை ‘எப்பத் தருமோன்னு’ என்று ஒருத்தி தன் வழக்கில் சொன்னதும் மற்றவர்களுக்கு அந்தப் பழைய தொடர் சட்டென்று வசப்பட்டது. இளநீரை வெட்டி ஆளுக்கு ஒரு மிடறு குடித்தோம். நான் திட்டமிட்டிருந்தது அதோடு முடிந்தது.

அடுத்து நடந்தது நான் திட்டமிடாதது. ஒரு மாணவன், “டீச்சர், செம்பனையும் தலையாலதான் தருது. ஆனா தண்ணி இல்ல, எண்ணெய்” என்றான். இன்னொருவன், “அப்ப பால்மரம்?” என்றான். ரப்பர் மரத்தைத்தான் சொன்னான். அவனுடைய தாத்தா பால்வெட்டுத் தொழிலாளி. இருட்டோடு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர வரிசையான நிரைக்குப் போவதும், பத்துப் பதினொரு மணிக்குத் தோளில் தடி போட்டுத் தூக்கும் காண்டா வாளியில் பாலைச் சுமந்து வருவதும் அவன் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன கதைகள். ஆனால் நேரில் பார்த்தவனைப்போலச் சொன்னான். பால்மரத்தின் தலையில் ஒன்றும் இல்லை என்றும், காய் வெடித்து விதைதான் கீழே விழும் என்றும், பாலை அது உடம்பின் நடுவிலிருந்து தருகிறது என்றும் அவன் அடுக்கியபோது, ஔவையார் ஏன் பால்மரத்தைப் பாடவில்லை என்ற கேள்வி தானாக வந்து விழுந்தது. ஔவையார் அதைப் பார்த்ததே இல்லை என்றேன். பிரேசிலிலிருந்து எடுத்த விதைகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். செம்பனையும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரந்தான். இந்நாட்டில் அதை வணிக நோக்கில் முதலில் பயிரிட்டது 1917இல், அதுவும் இந்த ஊரை அடுத்த தோட்டத்தில்தான் என்று சொல்லி, தோட்டத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்தவள் நடுவில் நிறுத்திவிட்டேன். தென்னமரம் தோட்டம். ஒரு மாதமாக அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து வந்துகொண்டிருக்கிறேன். செம்பனையின் முதல் வீட்டுக்குத் தெங்கின் பெயர் என்பது அந்த நொடிவரை என் காதில் விழவில்லை. பிள்ளைகளுக்கோ அது புதுமையாகவே படவில்லை. “ஆமா டீச்சர், எங்க பாட்டி ஊரு” என்றாள் ஒருத்தி.

(இங்கே ஓர் உபகதை. அங்கே செம்பனை நட்ட ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், பிற்பாடு மலாயா தோட்ட வாழ்க்கையை வைத்து நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசைப் பெற்றார். இலக்கியம் படிக்கிற நான் இதைத் தெரிந்துகொண்டது இந்த ஊருக்கு வந்த பிறகுதான்.)

அப்போதுதான், பாடம் தொடங்கியதிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்த பெண், கையை உயர்த்திக் காத்திருந்து, நான் பெயர் சொன்ன பிறகே எழுந்து நின்றாள். “எங்க தாத்தா நெறைய வருசம் தோட்டத்துல வேல செஞ்சாரு, டீச்சர். அப்புறம் தோட்டத்த வித்தாங்க. வீட்ட விட்டுப் போகச் சொல்லிட்டாங்க. அவருக்கு யாரும் ஒண்ணும் தரலயே?”

குற்றம் சாட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. கணக்கு வராதபோது விடையைச் சரிபார்க்கக் கேட்பவளைப்போலக் கேட்டாள். செய்யுள் ‘வேண்டா’ என்று உறுதியாகச் சொல்கிறது. ஐயப்படாதே, கட்டாயம் திரும்பி வரும் என்கிறது. அவள் வீட்டில் அது திரும்பி வரவில்லை. நாள் பாடத்திட்டத்தின் பண்புக் கட்டத்தில் நான் எழுதிய ‘நன்றியுணர்வு’ என்ற சொல் அந்தப் பெண்ணின் தாத்தாவைப் பார்த்து என்ன சொல்லும்? கழகத்தில் எதிர்பாரா வினாக்களைக் கையாளும் உத்திகள் என்று எங்களுக்கு ஒரு விரிவுரையே நடந்தது; அதில் ஒன்றுகூட அந்த நேரத்தில் உதவவில்லை. நான் பேசாமல் நின்றேன். காகிதப் பெண்தான் பேசினாள்: “மரம் குடுத்துச்சுல்ல? ஆளுதான் குடுக்கல.”

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குத் திரும்பினார்கள். கேட்டவள் சமாதானம் அடைந்தாளா என்று எனக்குத் தெரியாது.

அன்றிரவு வாடகை அறையில் மூதுரையை முழுநூலாக எடுத்து வைத்துக்கொண்டு, கடவுள் வாழ்த்திலிருந்து தொடங்கிப் படித்தேன். 30 செய்யுள்தான், அரைமணி நேரத்தில் படித்துவிடலாம். வெட்கத்தோடு எழுதுகிறேன், என் வாழ்நாளில் நான் அதை வரிசையாகப் படித்தது அதுவே முதல் முறை. பள்ளியில் இரண்டு மூன்று, இடைநிலைப்பள்ளியில் இரண்டு மூன்று, கழகத்தில் பாடத்திட்டம் எழுதிப் பழகுவதற்காக இரண்டு மூன்று என்று துண்டுதுண்டாகவே எனக்கு அது வந்து சேர்ந்திருந்தது. என் பாட்டிக்கு இந்நூலின் பெயர் மூதுரை என்றால் தெரியாது, வாக்குண்டாம் என்றால்தான் தெரியும். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்றாலும், ‘வாக்குண்டாம் நல்ல மனமுண்டாம்’ என்று கடவுள் வாழ்த்தில் எடுத்தால் வரிசையாகப் பத்துப் பாட்டாவது இராகத்தோடு சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவார். சிறுவயதில் அதை எதற்கும் பயன்படாத மனப்பாடம் என்று நான் நினைத்ததுண்டு.

முதல் செய்யுளை அடுத்து இரண்டாவது இப்படி இருக்கிறது:

நல்லார் ஒருவர்க்குச் செய்த உபகாரம்
கல்மேல் எழுத்துப்போல் காணுமே – அல்லாத
ஈரமிலா நெஞ்சத்தார்க்கு ஈந்த உபகாரம்
நீர்மேல் எழுத்திற்கு நேர்.

இது ஒன்றும் எனக்குத் தெரியாத செய்யுள் அல்ல. ஆனால் முதல் செய்யுளுக்கு மறுமொழியாக அது நிற்பதை நான் பார்த்ததில்லை. ‘ஐயப்பட வேண்டா’ என்று சொன்ன அதே வாய், மூச்சு விட்டதும், ஆளைப் பொறுத்தது என்கிறது. முதல் செய்யுளில் ஒருவருக்கு என்று பொதுவாக இருந்தது, இரண்டாவதில் நல்லார் என்றும் ஈரமிலா நெஞ்சத்தார் என்றும் இரண்டாகப் பிரிகிறது. நீரும் இரண்டு செய்யுளிலும் வருகிறது: அங்கே தாளில் ஊற்றியது தலையில் திரும்பி வருகிறது, இங்கே எழுதியது எழுதிய விரலின் கீழேயே அழிந்துபோகிறது. அந்தக் காகிதப் பெண் தென்னை நிழலில் ஒரு வரியில் சொன்னதைத்தான் ஔவையார் நான்கு வரியில் சொல்லியிருக்கிறார். வாரத்துக்கு ஒரு செய்யுள் என்று நறுக்கித் தரும்போது, ஒரு செய்யுளுக்கும் அடுத்த செய்யுளுக்கும் இடையே நடக்கிற இந்தப் பேச்சு முழுவதும் அறுந்துபோகிறது. கலைத்திட்டம் எழுதுபவர்களைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை; பத்து வயதுப் பிள்ளைக்கு அளவோடுதான் தரமுடியும். ஆனால் கற்பிப்பவளாவது முழுநூலைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போயிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வைக்கு விரிவுரையாளர் வருவதாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அன்று பாதுகாப்பான பாடம் ஒன்றை எடுத்திருப்பார்கள். நானும் வியாழன் இரவு வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். கேள்வி கேட்ட பெண்ணின் முகத்தை நினைத்ததும் அந்த இரண்டாம் செய்யுளை வளப்படுத்தும் நடவடிக்கையாகச் சேர்த்துக்கொண்டேன். வாளியில் நீர் பிடித்து வந்து வைத்தோம். ஒவ்வொருவராக வந்து விரலால் தங்கள் பெயரை நீர்மேல் எழுதிப் பார்த்தார்கள். கல்மேல் எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டதும், முதலில் ஒருவன், பிறகு எல்லாருமாக அலுவலக வாசலில் பதித்திருக்கும் திறப்புவிழாக் கல்லுக்கு ஓடினார்கள். என் நாற்பது நிமிடத்துத் திட்டத்தில் பத்து நிமிடம் அந்த ஓட்டத்தில் போயிற்று. கேட்ட பெண் இரண்டாம் செய்யுளை இரண்டு முறை படித்தாள். ‘ஈரமிலா’ என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எஞ்சிய நேரத்தில், முதல் செய்யுளின் கடைசி இரண்டு அடிகளை வைத்துக்கொண்டு, தெங்கு இருக்கும் இடத்தில் தங்களுக்குத் தெரிந்த ஒரு மரத்தை வைத்து எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் செம்பனையை வைத்து, நீரை எண்ணெயாக்கி, தலையைத் தொடாமல் விட்டார்கள். பால்மரத்துப் பையன் அன்று தன் பையில் செய்தித்தாளில் சுற்றி ஒரு பால் மங்கைக் கொண்டுவந்திருந்தான். பழைய பீங்கான் மங்கு, உட்புறம் கறுத்திருந்தது. ரப்பர்ப் பால் பட்டுக் கறுத்ததோ என்று நான் முகர்ந்து பார்த்தேன். “சாம்பிராணி வாசம் டீச்சர். எங்க பாட்டி இதுலதான் போடுவாங்க” என்றான். அதை மேசைமேல் வைத்துப் பார்த்துப் பார்த்து அவன் எழுதியது இது:

தளரா வளர்ரப்பர் தாளுண்ட நீரைத்
தோலாலே தான்தருத லால்.

விரிவுரையாளர் பாடம் முடிந்ததும் ஆசிரியர் அறையில் என்னுடன் அமர்ந்தார். பாட வளர்ச்சி திட்டத்திலிருந்து விலகியது, நேர மேலாண்மையில் கவனம் தேவை, முடிவுரை இல்லை என்று மூன்று குறைகளை எழுதியிருந்தார். மூன்றும் உண்மை, புள்ளியும் அதற்கேற்பக் குறைந்தது. அதற்குப் பிறகு, பாரத்தை மூடி வைத்துவிட்டு, அந்தப் பையனின் எழுத்துப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். யாப்பில் ஊறியவர் அவர். “ரப்பர ஒரு மாதிரி உட்கார வச்சிட்டான். ஆனா ‘நீரைத் தோலாலே’ங்கிற இடத்துல தளை தட்டுதே. மாமுன் நிரையில்ல வரணும்? ‘உடலாலே’ன்னு போட்டாச் சரியாயிரும்” என்றார். ஒரு சீரும் அடுத்த சீரும் ஓசையில் பொருந்துவதற்கான வெண்பா விதி அது. இரண்டாம் செய்யுளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றிப் பேசிய நேரம், என் மூன்று குறைகளைப் பற்றிப் பேசிய நேரத்தைவிட அதிகம்.

பள்ளி விடும் நேரத்தில் அந்தப் பையனைக் கூப்பிட்டு, தளை என்ற பேச்சையெல்லாம் எடுக்காமல், ‘உடலாலே’ என்று மாற்றினால் ஓசை இன்னும் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன். வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

“இல்ல டீச்சர். உடம்ப வெட்ட மாட்டாங்க. தோல மட்டுந்தான் சீவுவாங்க. கத்தி உள்ள பட்டா மரத்துக்குக் காயம்னு தாத்தா சொல்வாரு.”

அவன் சொல்வதுதான் சரி. பால் ஓடும் குழாய்கள் பட்டையிலேயே இருக்கின்றன. அதைத் தாண்டிக் கத்தி இறங்கினால், மரத்தில் முண்டு விழுந்து, பிறகு அந்த இடத்தில் வெட்ட முடியாமல் போகும். ‘தோலாலே’ என்பதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டவன், வாசல்வரை போய்விட்டுத் திரும்பி ஓடி வந்தான். மங்கு என் மேசையிலேயே இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. விளக்கு வைப்பதற்குள் பாட்டியிடம் அதைக் கொடுக்க வேண்டுமாம்.